பழைய கார் வாங்கப் போகிறீர்களா? டீசலா, பெட்ரோலா?

சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்ற ஆசை இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. புதுக் கார் வாங்கப் பணம் போதாது. பழைய காராவது வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்போது முதலில் எழும் கேள்வி, டீசல் காரா, பெட்ரோல் காரா என்பதுதான். யோசிக்காமல் வாங்கினால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பட்டறையிலே கரைந்துவிடும்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 2 குழந்தைகள், வயதான தாயார். 5 வருஷம் கட்டிய சீட்டு முடிந்து 3 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு கார் வாங்க வேண்டும்.

சித்தப்பா வந்தார். “டீசல் வண்டியா வாங்கு, மக்கா! லிட்டருக்கு வெல கொறவு. மைலேஜும் கூடக் கிடைக்கும்” என்றார்.

பட்டறைக்காரரோ தலையை ஆட்டினார். “வேண்டாம் அண்ணாச்சி! பழைய டீசல்ல ஒரு பெரிய ரிப்பேர் வந்தா, மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே நாளில போயிரும்” என்றார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். அப்படியானால் யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு இஞ்சின்கள்

பெட்ரோல் இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும். ஒரு பொறி தட்டி, அந்தக் கலவையைப் பற்ற வைக்கும்.

டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். டீசல் இஞ்சின் காற்றை மிகவும் பலமாக அமுக்குகிறது. கொதிக்கும் அந்தக் காற்றில் டீசலைப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இஞ்சினை நிலக்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள்!

அதிகமாக அமுக்குவதால், டீசல் இஞ்சின் ஒரு லிட்டரில் அதிக தூரம் ஓடுகிறது. அதே காரணத்தால் அதன் உறுப்புகள் பலமானவையாக இருக்க வேண்டும். டீசலைப் பீச்சும் பம்பும் இன்ஜெக்டர்களும் மிக நுட்பமானவை. அவை பழுதானால் செலவு அதிகம். சித்தப்பா சொன்ன லாபமும், பட்டறைக்காரர் சொன்ன நஷ்டமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

அந்த விலை இப்போது இல்லை

ஒரு காலத்தில் டீசல் கார் வாங்க ஜனங்கள் போட்டி போட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2010 ஜூன் மாதம் பெட்ரோல் விலைக்கு இருந்த கட்டுப்பாட்டை சர்க்கார் நீக்கியது. டீசலுக்கு நீக்கவில்லை. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய். டீசல் 41 ரூபாய்தான்.

2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போயிற்று. வித்தியாசம் சுருங்கியது. 2024 மார்ச்சில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு. டீசல் 92 ரூபாய் 34 காசு.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 10 ரூபாய் செலவாகும் தூரத்தை, 2012-ல் டீசல் கார் சுமார் 4 ரூபாயில் கடந்தது. 2024 விலையில் அதற்கு ஏறக்குறைய 7 ரூபாய் ஆகிறது. சித்தப்பாவின் யோசனை பழைய விலையை மனத்தில் வைத்துச் சொன்னது.

கணக்குப் போடுவோம்

கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 80 காசு ஆகும். டீசல் காருக்கு 4 ரூபாய் 65 காசு. மிச்சம் 2 ரூபாய் 15 காசு.

வடசேரிக் குடும்பம் எங்கெல்லாம் போகும்? பள்ளிக்கூடம், கோட்டாறு சந்தை, என்றாவது சுசீந்திரம் கோயில், மாதம் ஒரு தடவை கன்னியாகுமரி. எல்லாம் சேர்ந்து மாதம் 400 கிலோமீட்டர். மிச்சம் 860 ரூபாய். வருஷத்துக்கு 10,320 ரூபாய்.

இன்னொருவர் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்கு வருகிறார். போக வர சுமார் 60 கிலோமீட்டர். 25 நாளைக்கு 1,500 கிலோமீட்டர். அவருக்கு மாதம் 3,225 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 38,700 ரூபாய்.

டீசல் காருக்கு 80 ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மார்த்தாண்டத்துக்காரர் அதை சுமார் 2 வருஷத்தில் திரும்ப எடுத்துவிடுவார். வடசேரிக் குடும்பத்துக்கோ ஏறக்குறைய 8 வருஷம் ஆகும்! அதற்குள் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு சங்கதி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த புது விதிப்படி, டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கிறார்கள். கார் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால், சேர்ந்த கரி தானே எரிந்துவிடும். பள்ளிக்கூடம், சந்தை என்று 2 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் கரி அடைத்துக்கொள்ளும்.

அந்த விதி வந்ததும் மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அதன் பழைய டீசல் கார்களில் பலவற்றில் இருப்பது பியட் கம்பெனியின் 1.3 லிட்டர் இஞ்சின். வேறு சில கம்பெனிக் கார்களிலும் அதே இஞ்சின் இருந்ததால், பட்டறைக்காரர்களுக்கு அது பழக்கமானது.

பெட்ரோலுக்கும் ஒரு குறை உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர்க் குழாய்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் போங்கள்

கார் பார்க்க விடியற்காலையில் போங்கள். வருவதை முன்கூட்டியே சொன்னால், இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான டீசல் இஞ்சின் சட்டென்று கிளம்பும், நோய் தெரியாது. முதலில் இஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை கக்கினால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் ஆபத்துத்தான். இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பொங்கி வருகிறதா? அப்படியானால் இஞ்சின் தேய்ந்துவிட்டது.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் நின்ற கார் என்றால், அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளம் புகுந்தது. சீட்டு பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால், அது தண்ணீரில் மூழ்கிய கார்.

எல்லை தாண்டி வரும் கார்

களியக்காவிளைக்கு அப்பாலிருந்து கேரளக் கார்களும் விலைக்கு வருகின்றன. விலையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. கேரள அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டு வரி கட்டி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

எந்தக் காரானாலும் 15 வருஷம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பாங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அம்மை கேட்ட கேள்வி

வடசேரி வீட்டில் இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார் கடைசியில் வாயைத் திறந்தார்.

“ஏ மக்கா! மாசம் எவ்வளவு தூரம் ஓடப் போவுது?”

யாருக்கும் பதில் தெரியவில்லை.

“அதை ஒரு மாசம் நோட்டுல எழுதிப் பாரு. பஸ்ஸுல போறது, ஆட்டோவுல போறது எல்லாத்தையும் எழுது. பொறவு காரைப் பாக்கலாம். சீட்டுப் பணம் எங்கே ஓடிரப் போவுது?” என்றார் அவர்.

மகன் குழந்தையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டான்.