பாறையேறும் பொம்மை வண்டியும் நம் வயல் உழவு இயந்திரமும்

தமிழாசிரியன் ஒருவன் பற்சில்லுகளைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவருள் சிலர் புருவம் நெரித்தல் கூடும். நெரிக்கட்டும். வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியனாக இருப்பவன், தொல்காப்பியத்தைப் படிப்பிக்கும் வேளையிலும், யன்னலுக்கு வெளியே செல்லும் உழவு இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறான். அதன் மேல் இருப்பவன் பெரும்பாலும் நேற்றைய மாணவன். சில வேளைகளில் இன்றைய மாணவனே. இக்கட்டுரைக்கு அதுவே போதிய காரணமாகும்.

வானொலி அலையால் தூரத்தில் நின்று இயக்கப்படும் சிறு விளையாட்டு வண்டியொன்றை இக்கால மாணவர் நன்கு அறிவர். அது விரைந்து ஓடும் வகையினதன்று. முழங்கால் உயரப் பாறையொன்றின் மேல், பல்லி சுவரிற் பற்றுவதுபோல, ஒவ்வொரு சில்லாக வைத்து மெல்ல மெல்ல ஏறிச் செல்லும் வகையினது. ‘ஊர்தி’ என்னும் சொல் ‘ஊர்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்று இலக்கண வகுப்பிற் சொல்கிறோம். அச்சொல்லுக்கு முழு உரிமையுடைய வண்டி இதுவே என்பது எம் துணிபு. கைப்பிடிக்குள் அடங்கும் மோட்டார் இரண்டு மூன்று கிலோகிராம் எடையைச் செங்குத்தான கல்லின் மேல் ஏற்றுவது எவ்வாறு? விடை மோட்டாரிலன்று, அதற்கும் சில்லுக்கும் இடையே உள்ள பற்சில்லுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

நம் முன்னோர் கிணற்றில் இட்ட துலாவை நினைக்க. துலாவின் நீண்ட புறம் நெடுந்தூரம் இறங்கக் குறும்புறம் சிறிது தூரமே ஏறும். தூரத்தில் இழந்ததைப் பாரத்தில் பெறுவோம். பற்சில்லு என்பது ஓயாது சுழலும் துலாவேயன்றி வேறன்று. 10 பற்களுடைய சிறு சில்லு 50 பற்களுடைய பெருஞ்சில்லைச் செலுத்துமாயின், சிறியது ஐந்து முறை சுற்றப் பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் ஐந்திலொன்றாகக் குறையும். முறுக்கம், அதாவது சுழற்றும் வலிமை, உராய்வில் அழிவது போக ஐந்து மடங்காகும். செலுத்தப்படும் சில்லின் பற்களைச் செலுத்தும் சில்லின் பற்களால் வகுத்தால் வருவதே அவ்விணையின் விகிதம். பல இணைகள் தொடர்ந்து நின்றால் அவ்விகிதங்களைக் கூட்டலாகாது, பெருக்க வேண்டும். மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே.

விஞ்ஞான நூல்கள் இப்பயனைப் ‘பொறிமுறை நயம்’ என வழங்குகின்றன. செய்யுளின் அழகுக்கு நாம் ஆளும் நயம் என்ற சொல்லே சந்தையில் விலை மலிவையும் குறிக்கும். இங்கு இரண்டாம் பொருளே ஏற்புடையது. ஆனால் இச்சந்தையில் இலவசம் என்பது கிடையாது. வலிமையை வாங்கினால் வேகத்தால் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

துவிச்சக்கர வண்டி இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. மிதிக்கும் இடத்தில் 44 பல்லும் பின் சில்லில் 18 பல்லும் உள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். மிதி ஒரு முறை சுற்றப் பின் சில்லு ஏறக்குறைய 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் 2.23 மீற்றர் செல்லுமாதலால், ஒரு மிதிச்சுற்றில் வண்டி ஐந்தரை மீற்றர் அளவு ஓடிவிடும். ஆனால் 17 சதமமீற்றர் நீளமுள்ள மிதிதண்டில் 50 கிலோகிராம் பாரத்தை அழுத்தினாலும், தெருவைப் பின்னோக்கித் தள்ளும் வலிமை 10 கிலோகிராம் அளவே. விறகுக் கட்டை ஏற்றிவரும் தொழிலாளி குளக்கட்டு ஏற்றத்திலும் மணற்பாங்கான ஒழுங்கையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இதனாலேயே. அவர் வலிமையற்றவர் அல்லர். அவருடைய வண்டி வேகத்துக்கென்று பல் வெட்டப்பட்டது.

இனிப் பொம்மை வண்டிக்கு வருவோம். கணக்கை மோட்டாரிலிருந்து தொடங்குவோரே பலர். நிலத்திலிருந்து தொடங்குவதே முறை என்போம். எத்தகைய நிலத்தில், எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை முதலில் துணிக. வண்டியின் பின்னே நடந்து செல்பவனுக்கு ஒத்த வேகம், முழு விசையில் மணிக்கு 5 கிலோமீற்றர் எனக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 83 மீற்றர் ஆகும். சில்லின் சுற்றளவு 36 சதமமீற்றர் என்றால், சில்லு நிமிடத்துக்கு 231 முறை சுற்ற வேண்டும். பாரமின்றி ஓடும்போது மோட்டார் நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றுவது என்று வைத்துக்கொண்டால், 15,000ஐ 231ஆல் வகுக்க 65 வரும். முழு விகிதம் 65க்கு 1 ஆதல் வேண்டும்.

இதை எவ்வாறு பங்கிடுவது? அச்சுக்குள் 38 பற்களும் 13 பற்களும் கொண்ட இணை இருக்கிறது என்க. அதன் விகிதம் 2.92. நடுப்பெட்டியின் விகிதம் 2.6. இரண்டையும் பெருக்க 7.6 கிடைக்கும். இவை பெட்டிக்குள் மூடப்பட்டவை, எளிதில் மாற்றவியலாது. 65ஐ 7.6ஆல் வகுத்தால் எஞ்சுவது 8.55. மோட்டாரின் சிறு பற்சில்லும் அது செலுத்தும் பெருஞ்சில்லும் சேர்ந்து தரவேண்டிய விகிதம் இதுவே. பெருஞ்சில்லுக்கு 87 பற்கள் என்றால், 87ஐ 8.55ஆல் வகுக்கச் சிறு சில்லுக்கு 10 பற்கள் வேண்டும் என்று காண்கிறோம். 14 பற்களுடைய சிறு சில்லைப் பூட்டினால் முழு விகிதம் 47 ஆகக் குறையும். வண்டி மணிக்கு 7 கிலோமீற்றர் அளவு ஓடும். சமதரையில் அது பார்க்க நன்றாயிருக்கும். பாறையில் சில்லு தடைப்பட்டு நிற்கும்போதோ மோட்டார் சுழல மாட்டாமல் மின்னை விழுங்கிச் சூடேறும், கம்பிச்சுற்றுக் கருகும்.

சில்லின் பருமனும் ஒரு பற்சில்லுக்குச் சமானமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அழகுக்காக ஐந்திலொரு பங்கு பெரிய ரயரைப் பூட்டினால் வேகம் ஐந்திலொரு பங்கு கூடும். இழுவையோ ஆறிலொரு பங்கு குறையும். ஒரு பல்லையும் மாற்றாமலே விகிதம் மாறிவிட்டது. வயலில் இதை நாம் நாள்தோறும் செய்கிறோம். இரு சில்லு உழவு இயந்திரத்தின் ரப்பர்ச் சில்லைக் கழற்றிவிட்டுச் சேற்றுழவுக்கு இரும்புச் சில்லைப் பூட்டும்போது, முன்னதன் விட்டம் 60, பின்னதன் விட்டம் 75 சதமமீற்றர் எனின், இழுவை ஐந்திலொரு பங்கு குறைகிறது. சேற்றைப் பற்றிக்கொள்ளும் திறத்தால் இரும்புச் சில்லு அதனை ஈடுசெய்து மேலும் தரும். ஆனால் எஞ்சின் முனகுகிறதே என்று வியப்பவர், ஒரு கியர் குறைத்தால் அது முனகாது என்பதையும் அறிதல் நன்று.

இரு சில்லு இயந்திரத்தை நம்மவர் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே வழங்குவர். எந்த நாட்டில் செய்ததாயினும் பெயர் அதுவே. 1950களில் அப்பெயருடைய இயந்திரத்தை வெப்பநாட்டு வயல்களுக்கென ஆக்கியதில் முதன்மையானவர் நம் நாட்டவரான ரே விஜயவர்த்தன (1924–2010). கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற அவர், எருமையின் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தியது மட்டும் உழவனுக்குப் போதுமா என்று பிற்காலத்தில் தம் ஆக்கத்தையே வினாவுக்கு உட்படுத்தினார். எருமையின் நடைக்கு ஒத்த வேகத்தைப் பற்சில்லாலும் வாராலும் எஞ்சினிலிருந்து பெற்றதே அவ்வியந்திரத்தின் சிறப்பு. எரிபொருள் அருகிய 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியும், 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் குடும்பங்களையும் பாயையும் பானையையும் பெட்டியில் ஏற்றிச் சேற்றுத் தெருக்களில் ஊர்ந்தும் வன்னி மக்களைச் சுமந்தவை இவ்வியந்திரங்களும் அவற்றின் மூத்த உடன்பிறப்புகளான நான்கு சில்லு இயந்திரங்களுமே.

அம்மூத்த உடன்பிறப்பைப் பற்றித்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்பியது. மேலே கண்ட கணக்கெல்லாம் அதற்கு முன்னுரை.

மசி பேர்கசன் 135 என்னும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பது. 45 குதிரைவலு உடையது. முன் செல்ல மூன்று கியர். அவற்றை உயர்நிலை, தாழ்நிலை என இரண்டாக்கும் துணைப் பற்சில்லுத் தொகுதி 4க்கு 1 விகிதமுடையது. ஆக ஆறு கியர். பின் அச்சில் 6 பற்களுடையது 37 பற்களுடையதைச் செலுத்தும். தாழ்நிலை முதற்கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினும் பின்சில்லு 10 முறை அளவே சுற்றும். முழு விகிதம் ஏறக்குறைய 200க்கு 1. உயர்நிலை மூன்றாம் கியரில் அது 16 அளவாகிவிடும்.

எஞ்சினின் முறுக்கம், ஒரு மீற்றர்த் தண்டின் நுனியில் 16 கிலோகிராம் தொங்கவிட்டதற்கு ஒப்பானது என்க. 200ஆல் பெருக்க 3,200 வரும். உராய்வுக்குத் தாராளமாகக் கழித்தாலும் 2,500க்குக் குறையாது. மறுபுறம், இயந்திரத்தின் முன்சில்லுகள் தாங்கும் பாரம் 500 கிலோகிராம் அளவு. அவை பின் அச்சிலிருந்து 1.8 மீற்றர் முன்னே உள்ளன. முன்புறத்தை நிலத்திலிருந்து கிளப்ப, ஒரு மீற்றர்த் தண்டின் நுனியில் 900 கிலோகிராம் போதும். இருப்பது 2,500, வேண்டுவது 900.

அப்படியாயின் ஒவ்வொரு முறையும் இயந்திரம் ஏன் பின்புறமாகக் கவிழ்வதில்லை? சில்லு சுழல இடம் இருப்பதால். நிலம் பற்ற மறுக்கும்போது சில்லு வழுக்கும். மிகுந்த முறுக்கம் சேற்றை வாரி இறைப்பதோடு தீர்ந்துவிடும். வழுக்கலே நம்மைக் காக்கின்றது. இப்பொழுது அவ்வழுக்கலை நாமே தடுப்பதாக வைத்துக்கொள்க. காலபோக மழையில் பின்சில்லு அச்சளவு புதைந்துவிட்டது. யாரோ ஒருவர் மரக்குற்றி ஒன்றைக் கொணர்ந்து, இரு பின்சில்லுகளுக்கும் குறுக்கே சங்கிலியாற் கட்டுகிறார். ஓட்டுநர் தாழ்நிலை முதற்கியரை இட்டுக் கிளச்சை விடுகிறார். குற்றி நிலத்தில் ஊன்றிக்கொள்ளச் சில்லு சுழல வழியில்லை. அச்சில் வரும் முறுக்கத்துக்கோ போக ஓர் இடம் வேண்டும். சில்லு சுழலாவிடின் இயந்திரத்தின் உடலே அச்சைச் சுற்றிச் சுழலும். முன்புறம் எழும், ஓட்டுநர் கிளச்சைத் தேடும் முன்பே பின்னோக்கிக் கவிழ்ந்து அவரைச் சேற்றுள் அமிழ்த்தும். உயர்நிலை மூன்றாம் கியரிலாயின் 16ஐ 16ஆல் பெருக்க 256; அது 900க்கு எட்டாமையால் எஞ்சின் திணறி நின்றிருக்கும். உதவிக்கென அழைத்த தாழ்கியரே உயிரைக் கொள்ள வருவது எவ்வாறு என்பது இப்பெருக்கலிலே வெளிப்படுகின்றது.

உலகின் பல நாடுகளில் உழவு இயந்திர மரணங்களுட் பெரும்பகுதி கவிழ்தலால் வருவன. ஆசனத்தின் பின்னே கவிழ்வு தாங்கும் இரும்புச் சட்டமும் இருக்கை வாரும் அதற்கெனவே வந்தன. நம்மிடையே உள்ள பழைய இயந்திரங்களில் அவை காணப்படுவது அரிது. அது இல்லாத இடத்தில் செய்யத்தக்கன சில உள. புதைந்த இயந்திரத்தை முன்னோக்கி ஓட்டி எடுக்க முயலாது, சில்லின் பின்புறத்து மண்ணைத் தோண்டிப் பின்னியக்கத்தால் எடுக்க முயல்க. அப்போது முறுக்கம் முன்புறத்தை நிலத்தோடு அழுத்தும். அதற்கும் அசையாவிடின் வேறோர் இயந்திரத்தைக் கொண்டு இழுப்பிக்க. பாரம் இழுக்கும் சங்கிலியை அச்சுக்கு மேலே எங்கும் பூட்டலாகாது. தாழ்ந்துள்ள இழுவைத் தண்டிலேயே பூட்டுக. அச்சுக்கு மேலே பூட்டிய பாரம், முறுக்கத்தோடு சேர்ந்துகொண்டு தானும் இயந்திரத்தைப் பின்னே சாய்க்கும். கிளச்சைச் சட்டென விடுவதும் தீது. சுழன்று நிற்கும் கனத்த சில்லின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் அச்சில் இறங்கும்.

பொம்மை வண்டியில் ஈடுபட்டோர் இவ்வுண்மையை விளையாட்டாகவே கண்டிருக்கின்றனர். நெட்டுக்குத்தான பாறையில் முன்சில்லு எழுந்து வண்டி மல்லாந்து விழுவது அவர்களுக்குப் பழக்கமான காட்சி. அதனாலேயே மின்கலத்தைத் தாழ்வாகவும் முன்புறமாகவும் வைக்கின்றனர். முன் அச்சில் பித்தளைப் பாரம் பூட்டுகின்றனர். நாமும் கனத்த பாரம் இழுக்கும் இயந்திரத்தின் முன்மூக்கில் இரும்புக் கட்டிகளை மாட்டுவது அதே கணக்கால்தான்.

நம் கல்லூரியின் விஞ்ஞான அறையில் ஒரு நாள் இதனைச் செய்து காட்டலாம். முன் அச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றிவிட்டுப் பின்சில்லுகள் மட்டும் இயங்கும்படி பொம்மை வண்டியை மேசைமேல் வைக்க. இரு பின்சில்லுகளுக்கும் குறுக்கே, முன்புறமாக, ஒரு பென்சிலைக் கம்பியால் இறுகக் கட்டுக. ஓட்டுநர் இருக்கும் இடத்தில் ஒரு சுண்ணக்கட்டியை நிறுத்தி, வண்டியைத் தாழ்ந்த விகிதத்தில் முன்னோக்கிச் செலுத்துக. பென்சில் மேசையில் ஊன்றியதும் என்ன நிகழ்கிறது என்பதையும், சுண்ணக்கட்டி எங்கே கிடக்கிறது என்பதையும் மாணவர் தம் கண்ணாற் காண்பர். வார இறுதியில் தந்தையாரின் இயந்திரத்தை ஓட்டப் போகும் மாணவரை முன்வரிசையில் இருத்துக.