குட்டிப் பூனை வயிற்றில் 3 குட்டி!
ஆறு மாசம் காத்திருந்ததால் வந்த வினை

சென்னை—

"ஏங்க, இது இன்னும் பச்சக் கொழந்தைங்க. இதுக்குப் போயி ஆபரேஷனா?"

வடசென்னை மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மனைவி கேட்ட கேள்வி இது. இந்த இரக்கமே பின்னால் வினையாகி விட்டது!

தீபாவளி சமயத்தில் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டைப் பூனைக்குட்டி. வயது 2 மாதம். கைக்குள் அடங்கும் உருவம். அரிசி மூட்டை எலிகளுக்கு எமன் வந்தாச்சு என்று கடைக்காரருக்கு ஒரே குஷி. "ஆறு மாசம் ஆகட்டும், கருத்தடை பண்ணிடலாம்" என்று தம்பதி முடிவு செய்தனர்.

மார்கழியில் குட்டி இரவெல்லாம் கத்தியது. தரையில் புரண்டது. பாவம், குளிருது என்று சாக்குப்பையைப் போர்த்தி விட்டார்கள். ஓர் இரவு காணாமல் போய், விடிந்ததும் திரும்பி வந்தது.

மாசியில் 6 மாதம் நிறைந்தது. கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டு போனார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்த டாக்டர் சொன்ன ஒரே வார்த்தை: "சினை!"

4 மாதத்திலேயே பருவம்

அந்தக் கத்தல் குளிருக்கு அல்ல, ஜோடிக்கு! பெட்டைக் குட்டி 4 மாதத்திலேயே பருவத்துக்கு வந்து விடக் கூடும். பூனைக்குக் கரு முட்டை வெளிப்படுவதே இணை சேர்ந்த பிறகுதான். அதனால் குறி தப்புவது அபூர்வம். சுமார் 9 வாரத்தில் பிரசவம். தாயே வளர்ந்து முடியாத குட்டி. பிரசவம் சிக்கலாகலாம், பால் போதாமல் போகலாம்.

அப்படியானால் எது சரியான வயது?

ஆறு மாதம் என்பது பழைய கணக்கு. 5 மாதம் முடிவதற்குள் செய்து விட வேண்டும் என்று 2016-ல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் குழு ஒன்று சிபாரிசு செய்தது. மறு வருஷமே அந்நாட்டு கால்நடை மருத்துவ சங்கம் அதை ஏற்றது. 6 மாதத்துக்குள் ஆபரேஷன் ஆன பெட்டைகளுக்கு மார்புப் புற்றுநோய் மிகவும் குறைவு.

தடுப்பூசி வரிசை 4 மாதத்தில் முடிகிறது. அதோடு ஆபரேஷனுக்கும் தேதி வாங்கி விடலாம். பிறந்த தேதி தெரியாத தெருக் குட்டியா? வாயைத் திறந்து பாருங்கள். பால் பல் விழுந்து முன்பற்கள் முளைத்தால் வயது மூன்றரை, நாலு மாதம்.

குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது. உடம்பில் சர்க்கரை இறங்கி விடும். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் உடம்புச் சூடு குறையாமல் கதகதப்பாக வைக்க வேண்டும். சுமார் 10 நாள் தையலை நக்க விடக் கூடாது.

வீண் பயம்

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பார்கள். அதனால் பூனையின் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை.

"கடுவனுக்குச் சீக்கிரம் செய்தால் மூத்திரக் குழாய் சிறுத்துப் போகும்" என்பதும் ஆய்வில் நிற்கவில்லை. மாறாக, ஊர் சுற்றுவதும் சண்டையும் சுவரில் பீச்சுவதும் குறையும்.

"எலி பிடிக்காது" என்பதும் கட்டுக்கதைதான். பிடிக்கும்! உடம்பு மட்டும் பெருக்கும், சாப்பாட்டைக் குறைத்தால் போதும்.

காலண்டரில் வட்டம்

மளிகைக் கடைப் பூனை மாசிக் கடைசியில் 3 குட்டி போட்டது. ஒன்று பிறக்கும்போதே செத்திருந்தது. மற்ற இரண்டுக்கும் பால் போதவில்லை. கடைக்காரர் மனைவி பூனைக்குட்டிக்கான பால் பவுடரைக் கரைத்து, ராத்திரி கண் விழித்து ஊட்டிக் காப்பாற்றினார். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகலாம் என்று டாக்டர் எச்சரித்ததால் தாய்ப் பூனையை வெளியே விடவில்லை. குட்டிகள் பால் மறந்ததும் அதற்கு ஆபரேஷன் முடிந்தது.

இப்போது கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஆனிக் கடைசியில் ஒரு சிவப்பு வட்டம். அன்று குட்டிகளுக்கு வயது 4 மாதம்.

வட்டம் போட்டது யார் தெரியுமா? "பச்சக் கொழந்தைங்க" என்று தடுத்த அதே அம்மாள்தான்!