உப்புத் தண்ணிக்கு ஈடுகொடுக்கும் அரப்பு

திருப்பூர்ப் பக்கம் போர்த் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளித்தவர்களுக்குத் தெரியும்: நுரை வராது, முடி பிசுபிசுக்கும், காய்ந்ததும் தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொள்ளும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக முடியில் படிவதுதான் காரணம். சாயப்பட்டறைக்காரர்கள் இந்த உப்புகளை நீக்கிய பிறகுதான் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். குளியலறையில் அந்த வசதிக்கு எங்கே போவது?

கொங்குப் பெண்கள் அரப்புக்குப் போனார்கள்.

உசில மரத்தின் இலைப்பொடிதான் அரப்பு. தாவரவியலில் அல்பிசியா அமாரா. கரட்டு நிலத்திலும் வேலியோரத்திலும் மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கிற மரம். உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரிலும் அதுவே இருக்கிறது. சின்னச் சின்ன இலைகளை நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தால் பச்சைப் பொடி கிடைக்கும். பொடி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சோறு வடித்த கஞ்சியில் இதைக் குழப்பிக்கொள்வார்கள். விரலுக்கிடையில் வழுவழுவென்று இழையும் பக்குவம் வந்ததும், எண்ணெய் ஊறிய தலையில் வைத்துத் தேய்ப்பார்கள்.

வேலை செய்வது இலையிலுள்ள சப்போனின். அதன் மூலக்கூறில் ஒரு பகுதி எண்ணெயோடு ஒட்டும். சர்க்கரையாலான மறுபகுதி தண்ணீரோடு சேரும். இரண்டுக்கும் நடுவே நின்று எண்ணெயைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரிந்துபோவதில்லை என்பதுதான் இந்த வட்டாரத்துக்கு அதன் பெரிய தகுதி. ஷாம்பு அளவுக்கு நுரை பொங்காது. அதனால் அழுக்குப் போகவில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. நுரை பெரும்பாலும் கண்ணுக்குத்தான் திருப்தி.

மொராக்கோவின் அமாசிக் இனப் பெண்கள் இதே வேலைக்கு மண்ணை நம்பினார்கள். அட்லஸ் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கசூல் என்ற களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலைக்கும் உடம்புக்கும் பூசுவார்கள். எண்ணெயை அந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். முடிக்குத் தடவ ஆர்கான் எண்ணெய். ஆர்கான் மரம் சார்ந்த அவர்களுடைய கைப்பழக்கங்களை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரப்புக்கு அப்படி ஒரு பேர் கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது.

அரப்புத் தேய்க்கும் நாளென்றால், பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்பது எண்ணெய்க் குளியலின் பழைய கணக்கு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு விட்டால் நேரம் ஏது?

இலைப்பொடிதானே என்று அலட்சியமும் கூடாது. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. அலசிய தண்ணீரை மீன் வளர்க்கும் தொட்டிப் பக்கம் விடக் கூடாது. சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும்.