உள் பேட் மட்டும் ஏன் தேய்கிறது?

பிரேக் பேட் தேய்வது கோளாறு இல்லை. தேயத்தான் அது இருக்கு. ஒரே சக்கரத்தில் வெளி பேட் 7 மி.மீ., உள் பேட் 2 மி.மீ. என்று இருந்தால்தான் விசாரிக்கணும். "மட்டமான பேடு சார், மாத்திடலாம்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. பேடு மட்டம் என்றால் இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

நம்மூர் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். மிதித்ததும் அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அதற்கு மேல் நகர இடமில்லாததால், அந்த எதிர்விசை காலிப்பரையே உள்ளே தள்ளி, வெளி பேடையும் டிஸ்க்கோடு சேர்க்கும். இந்த நகர்வுக்கு இரண்டு கைடு பின்கள். ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு உள் பேடுதான் வேலை முழுக்கச் செய்யணும். சக்கர ஓட்டை வழியா எட்டிப் பார்த்தால் தெரிவது வெளி பேடு மட்டுமே என்பதுதான் வம்பு. "நிறைய மிச்சம் இருக்கு" என்போம். உள்ளே இரும்பு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கும்.

சக்கரத்தைக் கழற்றி, பின்களைக் கையால் இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கொண்டு வரணும். ஒரு பின் மட்டும் இறுகியிருந்தால் பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேயும். இரண்டும் சரி என்றால் சந்தேகம் பிஸ்டன் மேல். அதைப் பின்னிழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது (எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி). சுற்றியுள்ள ரப்பர் சீல் மிதிக்கும்போது லேசா முறுங்கி, விட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுதான் பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுக்கும். துரு பிடித்தால் அந்த மயிரிழையும் போச்சு.

ஒரு சக்கரத்தில் இரண்டு பேடுமே எதிர்ச்சக்கரத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்தால் பிரேக் ஹோஸையும் பார்க்கணும். உள்ளே ஊதிப்போன ஹோஸ், அழுத்தத்தை உள்ளே விடும், திரும்ப விடாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மிதித்து விட்டபின் சக்கரம் இறுகியிருந்தால் காலிப்பரின் பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருக்கு, ஹோஸ் மேல்தான் முதல் சந்தேகம். விடுபடலைன்னா பிஸ்டனோ பின்னோ. பிறகு காற்றெடுக்காமல் ஓட்டக்கூடாது.

பின்னுக்குச் சாதா கிரீஸ் பூசும் பழக்கம் பரவலா இருக்கு. பெட்ரோலிய கிரீஸ் பிரேக் ரப்பரை ஊத வைக்கும். ஆறு மாதத்தில் பின் மறுபடி இறுகினால் ஆச்சரியமில்லை. பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸைக் கேட்டு வாங்குங்க. புது பேடு இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சேர்த்தே போடணும்.