சக்கரத்தில் மறைந்திருக்கும் விரிசல்

மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. அளவுக்கு உட்பட்ட சுமையைத் தாங்கிய அச்சும் முறிவதுண்டு என்பதைத் தொடர்வண்டிக் காலம் உணர்த்தியது. 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியில் எஞ்சினின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், தொடர்வண்டி அச்சுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றும்போது எளிதில் தாங்கும் சுமையே, இலட்சக்கணக்கான முறை மாறிமாறி அழுத்தும்போது எஃகை முறித்துவிடும் என்று அவர் நிறுவினார். இதனை உலோகச் சோர்வு என்பர்.

சோர்வு ஒரு நுண்ணிய கீறலில் தொடங்குகிறது. சக்கரம் சுழலச் சுழல அக்கீறல் சிறிது சிறிதாக உள்ளே வளர்கிறது. எஞ்சிய உலோகம் சுமையைத் தாங்க இயலாத நிலையில் சக்கரம் திடீரென முறிகிறது. அதுவரை வண்டி வழக்கம்போலவே ஓடும் என்பதே இதிலுள்ள பேரிடர்.

1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷடே என்னும் சிற்றூர் வழியே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற தொடர்வண்டிக்கு நேர்ந்தது இதுவே. அதிர்வைக் குறைப்பதற்காக அதன் சக்கரங்களில் ரப்பர் அடுக்கின்மேல் எஃகு வளையம் பொருத்தப்பட்டிருந்தது. நொடிக்கு ஏறத்தாழ இருபது முறை சுழன்ற அவ்வளையம், ஒவ்வொரு சுழற்சியிலும் சற்றே நெளிந்து நிமிர்ந்தது. விரிசல் தோன்றியதோ ரப்பரை ஒட்டிய உட்புறத்தில். வெளியிலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது எட்டாது. வளையம் முறிந்தபின் சில கிலோமீட்டர் ஓடிய வண்டி, தடம்புரண்டு பாலத்தின் தூணில் மோதியது. பாலம் இடிந்து விழுந்தது. 101 பேர் உயிரிழந்தனர்.

பானை வாங்குவோர் சுண்டிப் பார்ப்பதுபோல, சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஒலியை ஆராய்வது பழைய முறை. பெரிய விரிசல்களையே அது காட்டும். மேற்பரப்பு விரிசலுக்குச் சாயச் சோதனை உண்டு: சாயத்தைப் பூசித் துடைத்து வெண்பொடி தூவினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் கோடாக வெளிப்படும். உள்ளே மறைந்திருப்பதை அறிய மீயொலி அலைகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியை ஆராய்வர்.

மகிழுந்தின் அலாய் சக்கரத்திலும் விரிசல் பெரும்பாலும் பார்வைக்கு அகப்படாத உட்புற விளிம்பில்தான் தோன்றும். பள்ளத்தில் பலமாக இறங்கியபின் பஞ்சர் ஏதுமின்றிக் காற்று மெல்ல இறங்கினாலோ ஸ்டியரிங் அதிர்ந்தாலோ, சக்கரத்தைக் கழற்றிக் கழுவி இருபுறமும் பார்த்தல் வேண்டும். சோப்பு நீர் தடவும்போது டயரில் அன்றி உலோகத்திலிருந்தே குமிழி எழுமாயின் ஐயத்திற்கு இடமில்லை. அதனைப் பற்றவைத்து ஓட்டுவோரும் உளர். பற்றவைப்பின் வெப்பம் சுற்றியுள்ள உலோகத்தின் வலிமையைக் குறைத்துவிடுமாதலால், அச்சக்கரத்தை மாற்றுவதே முறை.