தொழுவத்தில் பிறக்கும் நெருப்பு

விடியுமுன் எழுந்து தொழுவத்தைக் கூட்டி, சாணத்தை வாரி, வைக்கோற் கூளம் சேர்த்துப் பிசைந்து, சுவரில் வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, பின்பு அந்த வறட்டி கக்கும் புகையிலேயே கண் கலங்க நின்று சோறு வடித்த நம் கிராமத்துத் தாய்மார்களை நினைக்கும்போதெல்லாம், அவர்கள் பட்ட கஷ்டத்துக்கு ஈடான பலன் கிட்டவில்லையே என்ற வருத்தம் என் மனத்தை விட்டு அகல்வதில்லை. வறட்டியில் அடங்கிய உஷ்ணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. அதனினும் பெரிய நஷ்டம், வயலுக்கு உரமாக வேண்டிய தழைச்சத்தும் அதே தீயில் மாய்ந்துபோவதுதான்.

ஓர் எரிபொருளை நாம் எவ்வளவு விரைவாகச் செலவிடுகிறோமோ அவ்வளவு விரைவாகப் பிரகிருதி அதைத் திருப்பித் தருமானால், அதையே புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்கிறோம். நிலக்கரியும் பெட்ரோலியமும் பூமியின் கர்ப்பத்தில் விளையக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. ஆகையால் அவை எடுக்க எடுக்கக் குறையும் புதையல்களே. சூரிய ஒளியும் காற்றும் ஓடும் நீரும் நாள்தோறும் நமக்கு வந்துசேரும் வருமானம். சாணமும் அந்த வருமானத்தைச் சேர்ந்ததே. ஏனெனில் வெயிலை உண்டு புல் வளர்கிறது, புல்லை உண்டு மாடு வளர்கிறது, அந்தப் புல்லில் செரியாமல் எஞ்சிய சக்தியே சாணமாக நம் தொழுவத்தில் கிடக்கிறது.

அந்தச் சக்தியைப் புகையின்றி வெளிக்கொணரும் முறையே சாண எரிவாயு. சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத குழியில் விட்டுவைத்தால், மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களைப் போன்றவையே அங்கும் வேலை செய்கின்றன. ஒருவகை உயிர்கள் சாணத்தைச் சிதைத்து அமிலங்களாக்க, மற்றொரு வகை அவற்றிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. 1776-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா, மகியோரே ஏரிக்கரையின் சேற்றிலிருந்து குமிழியிட்ட வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தாரே, அதுவும் இந்த மீத்தேன்தான். சுமார் 35 டிகிரி உஷ்ணம் இந்த உயிர்களுக்கு மிகவும் இசைவானது. ஆதலால் குளிர்ந்த மலைநாடுகளில் 55 நாள் வரை குழியில் தங்கவேண்டிய கரைசலுக்கு நம் தமிழ்நாட்டு வெயிலில் 30 நாளே போதும்.

ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயுவைத் தரும். நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைக்குமானால், 2 கனமீட்டர் வாயு உண்டாகி, ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்குப் போதுமானதாகும். நீலச் சுடராக எரியும் அதன் உஷ்ணத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தையே அடைகிறது. வாயு பிரிந்தபின் வெளிவரும் குழம்போ தழைச்சத்தை இழக்காமல் முதல்தரமான எருவாக நிற்கிறது.

இந்த முறையை இந்தியக் கிராமங்களுக்கு உகந்ததாக்கியவர்களுள் ஜஷ்பாய் படேல் முதன்மையானவர். குழியின்மேல் மிதந்து வாயுவைச் சேர்த்துவைக்கும்படி அவர் வகுத்த இரும்புக் கலத்தைக் காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் பரப்பத் தொடங்கியது. இரும்பின் விலை எளியவர்களுக்குத் தடையாக இருந்ததால், 1984-இல் செங்கல்லாலேயே கவிகை கட்டும் ‘தீனபந்து’ என்ற அமைப்பு உருவாயிற்று.

ஆயினும் கலனைக் கட்டிவிட்டதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. பசுவுக்குத் தீனி வைப்பதைப் போல அதற்கும் தினந்தோறும் சாணமும் நீரும் ஊட்டவேண்டும். ஊட்டாத கலன் வெறும் குழியே. மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவாதலால், அதைக் கசியவிடாமல் எரித்துப் பயன்படுத்துவதும் அவசியம். மாடில்லாத இல்லத்தாருக்கு இவ்வழி நேராக எட்டாதுதான். எனினும் சந்தையில் குவியும் காய்கறிக் கழிவும், அன்னதானக் கூடங்களில் மிஞ்சும் உணவும் இதே குழியில் வாயுவாகக் கூடியவை என்பதால், ஊர் ஒன்றுகூடினால் அவர்களுக்கும் இப்பயன் உரியதாகும்.

வறட்டி தட்டியபோது அடுப்புக்கும் வயலுக்கும் இருந்த வழக்கு இங்கே தீர்ந்துவிடுகிறது. வாயுவை அடுப்பு பெற்றுக்கொள்கிறது; எருவை வயல் பெற்றுக்கொள்கிறது; அந்த வயலின் வரப்பில் முளைத்த புல்லைத் தேடி மறுநாள் காலையில் மாடு மேயப் போகிறது.