நிறுத்த கொழுந்து கணக்கில் நிற்க வேண்டும்

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். விஷயம் கஷ்டமில்லை, ஆனால் ஆறுதலாகப் பார்க்க வேண்டியது.

நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிவிசனை நினைத்துக்கொள்வோம். காலை, பகல், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் தொழிலாளியின் பேர் நம்பரையும் அவர் கொண்டுவந்த கொழுந்தின் கிலோவையும் பதிய வேண்டும். மலையில் சிக்னல் நிற்காது. சர்வர் வைத்து நடத்த ஆளும் இல்லை. இருப்பது ஒரு சின்னக் கணினியும், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை எழுதித் தரக்கூடிய புரோகிராமும்தான். இந்த இடத்துக்குப் பொருந்துவது, புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்து ஓடும் டேட்டாபேஸ் லைப்ரரி. 1979இல் கென் தாம்சன் எழுதிய டிபிஎம் இந்த வகையில் மூத்தது. அந்த வழியில் வந்த பெர்க்லி டிபியை வைத்தே சொல்கிறேன்.

டிரான்சாக்ஷன், அதாவது எல்லாம் ஏறும் அல்லது ஒன்றுமே ஏறாது என்ற உறுதி, இல்லாமல் அதைத் தொடங்குவது மிகச் சுலபம். டேட்டாபேஸுக்கு ஒரு ஹேண்டில் எடுங்கள். கோப்பின் பெயரைக் கொடுத்து, வகை, பதிவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பி-ட்ரீ என்று சொல்லி, இல்லாவிட்டால் உருவாக்கு என்ற குறியுடன் திறவுங்கள். டிரான்சாக்ஷன் கேட்கும் இடத்தை வெறுமையாக விடுங்கள். அதன் பிறகு புட் எழுதும், கெட் வாசிக்கும், குளோஸ் மூடும்.

பிள்ளைகள் தடுக்கி விழுவது சாவியில், அதாவது ஒரு பதிவைத் தேடி எடுக்க வைக்கும் அடையாளத்தில். பேர் நம்பரை மட்டும் சாவியாக வைத்தால், பகல் நிறுவையின் 8 கிலோ காலை நிறுவையின் 7 கிலோவை அழித்துவிட்டு உட்காரும். அதே சாவிக்கு மறுபடி புட் செய்தால் பழையதன் மேல் எழுதுவதே அதன் வழக்கம். சரி, பழையதை வாசித்துக் கூட்டி 15 என்று எழுதலாமே என்பீர்கள். அதுவும் வேண்டாம். அந்த நிறுவை ஏறிவிட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் அழுத்தினால், 8 கிலோ இரண்டு தரம் கூடிவிடும். ஒவ்வொரு நிறுவைக்கும் தனிப் பதிவு: திகதி, நிறுவை, பேர் நம்பர் மூன்றும் சேர்ந்ததே சாவி. இருந்தால் மேலெழுதாதே என்ற குறியையும் புட்டோடு கொடுங்கள். கூட்டலைப் பிறகு செய்துகொள்ளலாம். நம்பரை 9 என்று எழுதாமல் 0009 என்று எழுதுங்கள். பி-ட்ரீ எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குவதால், வெறும் 9 போய் 10க்குப் பின்னால் நிற்கும்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். நாம் எதையும் மாற்றாவிட்டால் பெர்க்லி டிபி பதிவுகளைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் 256 கிலோபைட் இடம் எடுத்துக்கொள்கிறது. சில நூறு பேருள்ள டிவிசனின் ஒரு நாள் கணக்கு முழுதும் அதற்குள் அடங்கிவிடும். அதனாலேயே, மூடும்வரை டிஸ்க்குக்கு ஒன்றுமே போகாமல் இருக்கவும் கூடும். நடுவில் கரண்ட் போனால் அன்றைய கொழுந்து கணக்கில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு, இருப்பதை டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும் சிங்க் கொடுத்தால் ஆபத்து குறையும், தீராது. பி-ட்ரீயின் ஒரு பக்கம் நிரம்பி இரண்டாகப் பிரியும்போது பல பக்கங்கள் ஒன்றாக மாறுகின்றன. பாதி எழுதிய நிலையில் நின்றுபோனால் கோப்பே கெட்டுவிடும். திருத்தி எடுக்க உள்ளே எந்தக் குறிப்பும் இருக்காது. டிரான்சாக்ஷனை விட்டுக்கொடுத்ததன் விலை இதுதான். இதே கோப்பை ஒபீஸ் வேலைக்கான இன்னொரு புரோகிராம் ஒருபக்கம் திறந்து எழுதினாலும் இதே கதிதான், பூட்டுப் போட யாரும் இல்லை.

ஆகவே நிறுவையை முதலில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்து, அதை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, பிறகு டேட்டாபேஸில் போடுங்கள். வரிக் கோப்பில் கெட்டுப்போகக் கூடியது கடைசி வரி மட்டுமே. டேட்டாபேஸ் கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு, வரிகளை முதலிலிருந்து வாசித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக் கணக்கென்றாலும் அதிக நேரம் பிடிக்காது.

கொழுந்து எடுக்கும் மலைகளின் பட்டியல், பேர்ப் பதிவு, அன்றைய நிறுவை ஆகியவற்றைத் தேடி எடுக்க இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். சம்பளத்தை முடிவுகட்டும் செக்ரோலை மட்டும் இதில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழிவும் முற்பணமும் ஒன்றாக ஏற வேண்டிய இடம் அது. ஒன்று ஏறி ஒன்று விடுபட்டால் மாத முடிவில் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். அதற்கு டிரான்சாக்ஷனோடு எஸ்கியூலைட் வையுங்கள், அதுவும் புரோகிராமுக்குள் ஓடும் லைப்ரரிதான், இலவசம்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆன பிறகும், முழுப்பேரா அரைப்பேரா, அதாவது அன்றைக்கு முழுச் சம்பளமா பாதியா என்று தீர்ப்பது தராசில் விழும் கிலோதான். புரோகிராம் எழுதும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நிறுத்தவுடன் கிலோவையும் நேரத்தையும் தமிழில் அச்சடித்த துண்டு ஒன்று கொழுந்து கொண்டுவந்த அம்மாவின் கைக்குப் போகும்படி செய்யுங்கள்.